மீண்டும் காயம், மீண்டும் ஆடுகளம்: கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து சீசன் நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பமாகிறது. அதற்குச் சில வாரங்கள் முன்பே என்னிடம் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். "இரண்டு முறை முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அந்தப் பையன் இந்த ஆண்டு வருகிறானாமே, இனி அணிக்குக் கவலை இல்லைதானே?" என்பார் ஒருவர். "அவள் பழையபடி ஆடிவிடுவாளா?" என்பார் இன்னொருவர். ஆண்டுதோறும் ஆட்டக்காரரின் பெயர் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. எத்தனையோ பேருக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஏ.சி.எல். ஜவ்வு கிழிந்தவர்களை மனத்தில் வைத்தே பெரும்பாலான பதில்களை எழுதியிருக்கிறேன். ஒரு முழு சீசனையே விழுங்கிவிடுவது பெரும்பாலும் அந்தக் காயம்தான். நான் மருத்துவர் இல்லை. பல ஆண்டுகளாக இந்த ஆட்டத்தைக் கூர்ந்து பார்ப்பவன், காயம்பட்டுத் திரும்புபவர்கள் மேல் தனி அக்கறை உள்ளவன்.

மருத்துவர்களே ஆடலாம் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு ஏன் இவ்வளவு தயக்கம்?

மருத்துவர் தரும் அனுமதிக்குப் பொருள், ஆடுவதால் வரக்கூடிய ஆபத்து ஏற்கத்தக்க அளவுக்குக் குறைந்திருக்கிறது என்பதுதான். பழைய ஆட்டம் திரும்பிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. தொடைத் தசையின் வலு, ஒற்றைக் காலில் தாவும் தூரம் ஆகியவற்றை அளந்து, காயம்பட்ட கால் மற்றக் காலின் அளவில் குறைந்தது 90 சதவீதத்தையாவது எட்டியிருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பல மாதங்கள் ஓடாமல் இருந்ததால் நல்ல காலும் வலு இழந்திருக்கும். மெலிந்துபோன காலோடு ஒப்பிட்டு 90 சதவீதம் என்றால், அது காயத்துக்கு முன்பிருந்த வலுவில் 90 சதவீதம் ஆகாது. தவிர, சோதனை அறையில் யாரும் குறுக்கே வந்து இடிப்பதில்லை. ஆடுகளத்தில் எதிரணிக்காரரின் தோள் இடிக்கும், கால் இன்னொருவர் காலின் மேல் இறங்கும், அரை நொடிக்குள் திசை மாற வேண்டியிருக்கும். அதற்கான பரீட்சை முதல் ஆட்டத்தில்தான் தொடங்குகிறது.

ஒன்பது மாதம் என்கிறார்களே, அது என்ன கணக்கு? ஆறே மாதத்தில் வந்தவர்களும் இருக்கிறார்களே?

கிழிந்த ஏ.சி.எல். ஜவ்வைத் தைத்து ஒட்டுவது அரிது. பெரும்பாலும் அதே ஆளின் முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ, பின்தொடையிலிருந்தோ, முன்தொடையிலிருந்தோ ஒரு நார்த் துண்டை எடுத்து அந்த இடத்தில் பொருத்துகிறார்கள். பொருத்திய நாளில் அது உறுதியாகவே இருக்கும். பிறகு ரத்த ஓட்டம் புதிதாக உள்ளே புகுந்து, அந்தத் துண்டு ஜவ்வாக உருமாறும் காலத்தில், முதல் சில மாதங்களில், அதன் உறுதி குறைந்துவிடுகிறது. மெல்லத்தான் மீண்டும் ஏறுகிறது. வீக்கமும் வலியும் அதற்கு வெகு முன்பே போய்விடும். எல்லா ஏமாற்றமும் இங்கேதான் தொடங்குகிறது. ஆட்டக்காரருக்குக் கால் நன்றாக இருப்பதுபோல் தோன்றும், உள்ளே வேலை முடிந்திருக்காது.

ஏ.சி.எல். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பின்தொடர்ந்து 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. ஆறு மாதத்தில் வந்து தப்பித்தவர்கள் இருக்கிறார்கள், உண்மைதான். அவர்களை அளவுகோலாக வைக்காதீர்கள்.

முதல் ஆட்டத்தில் எத்தனை நிமிடம் ஆடுவார்?

கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். ஆண்களுக்கு 20 நிமிடம் கொண்ட இரண்டு பாதிகள், பெண்களுக்குப் பத்து நிமிடம் கொண்ட நான்கு கால்பகுதிகள். நட்சத்திர ஆட்டக்காரர் அதில் முப்பது நிமிடத்துக்கு மேல் களத்தில் இருப்பார். நீண்ட காயத்திலிருந்து திரும்புபவருக்குப் பத்திலிருந்து பதினைந்து நிமிடம் கிடைத்தாலே நல்ல தொடக்கம் என்பேன். அதையும் மூன்று நான்கு நிமிடத் துண்டுகளாகத்தான் கொடுப்பார்கள். இடையில் அவர் பெஞ்சில் உட்காராமல் பின்னால் போய் நிலைமிதிவண்டியை மிதித்துக்கொண்டிருந்தால் பதறாதீர்கள். முழங்கால் இறுகிவிடாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள்.

நவம்பர் இறுதியில் நடக்கும் போட்டித் தொடர்களில் மூன்று நாளில் மூன்று ஆட்டம்கூட வரும். அவற்றில் ஒன்றில் அவரை உட்கார வைத்தால் அது திட்டமிட்ட ஓய்வாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முன்பு சராசரியாக 16 புள்ளி எடுத்தவர். இந்த ஆண்டும் அதை எதிர்பார்க்கலாமா?

முதலில் எளிய கணக்கு. 32 நிமிடத்தில் 16 புள்ளி எடுத்தவர், அதே வேகத்தில் ஆடினால்கூட, 14 நிமிடத்தில் ஏழு புள்ளிதான் எடுப்பார். அடுத்த நாள் செய்தியில் "வெறும் ஏழு புள்ளி" என்று படித்துவிட்டு மனம் உடைபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். நிமிடத்தைப் பார்க்காமல் புள்ளியைப் பார்த்ததால் வந்த வினை அது.

அடுத்தது, திறமைகள் எல்லாம் ஒரே நாளில் திரும்பி வருவதில்லை. பந்தைக் கடத்தும் பார்வையும் நின்ற இடத்திலிருந்து எறியும் பழக்கமும் முதலில் வரும், ஏனென்றால் கால் ஆறும் மாதங்களிலேயே நாற்காலியில் உட்கார்ந்தபடி எறிந்து பழகியிருப்பார். எதிரியைத் தாண்டிச் செல்லும் அந்த முதல் அடி தாமதமாக வரும். பக்கவாட்டில் சறுக்கி நகர்ந்து தடுப்பதும், வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) கூட்டத்தின் நடுவே எம்பிப் பிடித்து ஒற்றைக் காலில் இறங்குவதும் கடைசியாக வரும். ஆகவே தொடக்கத்தில் அவர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்றே அதிகம் எறிவார். "வளையத்துக்குப் போகவே மாட்டேன் என்கிறாரே" என்று குறைபடுவார்கள். இருக்கும் கருவிகளைக் கொண்டு அவர் ஆடுகிறார்.

எறிதலிலும் ஒன்றைக் கவனிக்கலாம். இரண்டாம் பாதியில் பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுப் பட்டுத் திரும்பினால் கால் சோர்ந்துவிட்டது என்று பொருள். எறியும் விசை காலிலிருந்துதான் வருகிறது. கையில் கோளாறு தேட வேண்டியதில்லை.

புள்ளியைப் பார்க்க வேண்டாம் என்றால் முன்னேற்றத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. முடிந்தால் ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே அரங்கத்துக்குப் போய் உட்காருங்கள். இருக்கைகள் காலியாக இருக்கும், இசை ஒலிக்கத் தொடங்கியிருக்காது. ஒருமுறை அப்படிப் போயிருந்தபோது, இரண்டாவது அறுவை சிகிச்சையிலிருந்து திரும்பியிருந்த ஓர் ஆட்டக்காரர் களத்தின் மூலையில் முழங்கால் உயர மரப்பெட்டி ஒன்றின் மேலிருந்து குதித்து இறங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிசியோதெரபிஸ்ட் தலையைக் குனிந்து நின்றார். அவர் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். இடது காலில் இறங்கியபோது காலணி மெதுவாக உரசும் ஒலி மட்டும் வந்தது. வலது காலில் இறங்கியபோது பலகைத் தரையில் "தொப்" என்று கேட்டது. அவர் விரலை உயர்த்தினார், ஆட்டக்காரர் மறுபடி பெட்டியில் ஏறினார். பன்னிரண்டு பதின்மூன்று முறை இருக்கும். கடைசி இரண்டில் இரு கால்களின் ஒலியும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. அன்றைய ஆட்டத்தில் அவர் எடுத்த நான்கு புள்ளிகள் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. முழங்கால் மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளக் கற்றுக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டுவிட்டேன்.

அரங்கத்துக்குப் போக முடியாதவர்கள் ஒன்றே ஒன்றைத் தேடிப் படியுங்கள்: மறுநாள் அவர் பயிற்சிக்கு வந்தாரா? ஆட்டத்தின்போது உடல் சூடாக இருக்கும், உற்சாகத்தில் எந்த வலியும் தெரியாது. உண்மை விடிந்த பிறகுதான் தெரியும். மறுநாள் காலை முழங்கால் வீங்கியிருந்தால் சுமை அதிகமாகிவிட்டது, வீக்கம் இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். மருத்துவக் குழு நிமிடங்களைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான். இருபது புள்ளி எடுத்துவிட்டு நான்கு நாள் பயிற்சிக்கு வராதவரைவிட, ஆறு புள்ளி எடுத்துவிட்டு மறுநாள் பயிற்சியில் நிற்பவரைப் பார்த்தே நான் மகிழ்வேன்.

ஒரு காயம் என்றால் சரி. இரண்டு மூன்று காயம் என்றால் என்ன பெரிய வித்தியாசம்?

வித்தியாசம் நிறையவே இருக்கிறது. ஏ.சி.எல். அறுவை சிகிச்சைக்குப் பிறகு விளையாட்டுக்குத் திரும்பும் 25 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, அதே காலிலோ மற்றக் காலிலோ, மறுபடியும் ஜவ்வு கிழிகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2016இல் கணக்கிட்டார்கள். மற்றக் காலிலுமா என்று வியப்பீர்கள். காயம்பட்ட காலைக் காப்பாற்ற உடல் தன்னை அறியாமல் சுமையை மறுபக்கம் தள்ளிவிடுகிறது. அதே காலில் இரண்டாவது முறை என்றால், நல்ல நார்த் துண்டு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும், முழங்கால் எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸும் குருத்தெலும்பும் சேதப்பட்டிருக்கக்கூடும். அதனால் இரண்டாவது அறுவை சிகிச்சையின் பலன் பொதுவாக முதலாவதைவிடக் குறைவு.

உடலுக்கு அப்பால் இன்னொரு இழப்பும் உண்டு, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயது வரை ஓர் ஆட்டக்காரர் மிக வேகமாகக் கற்கும் காலம். அதில் இரண்டு சீசன் போனால், இருபத்தொரு வயதில் களமிறங்குபவருக்கு அனுபவம் பத்தொன்பது வயதுக்காரருடையதாகத்தான் இருக்கும். அவர் செய்யும் தவறுகளில் பாதி காலால் வருபவை அல்ல, ஆடாத ஆட்டங்களால் வருபவை.

அப்படியானால் நம்பிக்கையே வேண்டாம் என்கிறீர்களா?

ஒருபோதும் அப்படிச் சொல்ல மாட்டேன். பர்டூ பல்கலைக்கழகத்தின் ராபி ஹம்மலை நினைத்துப் பாருங்கள். 2010 பிப்ரவரியில் மினசோட்டாவுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய வலது முழங்காலில் ஏ.சி.எல். கிழிந்தது. எட்டு மாதம் உழைத்துவிட்டு அக்டோபரில் பயிற்சிக்கு வந்தார், தொடக்கத்திலேயே அதே ஜவ்வு மறுபடி கிழிந்தது. அந்த சீசன் முழுவதும் போனது. 2011-12 சீசனில் திரும்பி வந்து சராசரியாக 16 புள்ளிக்கு மேல் எடுத்தார். கல்லூரியில் அவருடைய கடைசி ஆட்டம் 2012 மார்ச்சில் கான்சஸ் அணிக்கு எதிராக நடந்தது. பர்டூ மூன்று புள்ளியில் தோற்றது, ஹம்மல் 26 புள்ளி எடுத்திருந்தார்.

கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஆஸி ஃபட்டுக்குப் பள்ளிக் காலத்திலேயே வலது முழங்கால் ஜவ்வு கிழிந்திருந்தது. கல்லூரியின் முதலாண்டில் பாதத்தில் காயம், இரண்டாமாண்டில் முழங்காலில் காயம், மூன்றாமாண்டில் இரண்டே ஆட்டங்களுக்குப் பிறகு அதே வலது முழங்காலில் மறுபடி ஏ.சி.எல். கிழிவு. 2024 நவம்பரில் திரும்பினார். 2025 ஏப்ரலில் அந்த அணி சாம்பியன் ஆனபோது இறுதிப் போட்டியில் 24 புள்ளி எடுத்து, கடைசி நான்கு அணிகள் மோதும் இறுதிச் சுற்றின் சிறந்த வீராங்கனை விருதைப் பெற்றார். நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் இருந்த அந்த ஐந்து மாதத்தைத்தான் காயத்திலிருந்து திரும்புபவருக்குக் கொடுக்கச் சொல்கிறேன்.

எல்லாருக்கும் அப்படி அமைவதில்லையே?

அமைவதில்லை. டியூக் பல்கலைக்கழகத்தில் 2016இல் சேர்ந்தபோது ஹாரி ஜைல்ஸ் நாட்டின் தலைசிறந்த புதுமுகங்களில் ஒருவர். அதற்கு முன்பே இரண்டு முழங்கால்களிலும் ஏ.சி.எல். கிழிந்து சரிசெய்யப்பட்டிருந்தது. அந்த அக்டோபரில் இடது முழங்காலில் மறுபடி ஒரு சிறு அறுவை சிகிச்சை. டிசம்பரில் களமிறங்கி, 26 ஆட்டங்களில் சராசரியாக 11.5 நிமிடம் ஆடி, 3.9 புள்ளி எடுத்தார். பலர் அவரை ஏமாற்றம் என்றார்கள். எனக்கு அது அநியாயமாகவே பட்டது. இரண்டு முழங்கால்களில் மூன்று அறுவை சிகிச்சை கண்ட ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை, அந்த அளவிலான ஆட்டத்தில் 26 முறை களமிறங்கினார். தொழில்முறை அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில், முதல் சுற்றில் 20ஆவது ஆளாகவும் எடுக்கப்பட்டார். எதிர்பார்ப்பு சரியாக இருந்திருந்தால் அதே சீசன் ஒரு சாதனையாகத் தெரிந்திருக்கும்.

உடம்பு சரியாகிவிட்டது, மனத்தில்தான் பயம் என்கிறார்கள். துணிந்து ஆட வேண்டியதுதானே?

ஏ.சி.எல். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஐந்தில் நால்வர் ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்புகிறார்கள், ஆனால் போட்டி ஆட்டத்துக்குத் திரும்புபவர்கள் பாதியைச் சற்றே தாண்டுகிறார்கள் என்று 2014இல் வெளியான தொகுப்பாய்வு சொல்கிறது. இடைவெளிக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று மறுபடி அடிபடுமோ என்ற பயம். ஏ.சி.எல். பெரும்பாலும் யாரும் இடிக்காமல், தானாகத் திரும்பும்போதும் இறங்கும்போதும் கிழிகிறது. எதிரி இல்லாத விபத்து அது. யாரைப் பார்த்து எச்சரிக்கையாக இருப்பது? தன் காலையே நம்ப முடியாத நிலையில் இருப்பவரிடம் "துணிந்து ஆடு" என்று சொல்வதால் ஒன்றும் ஆகாது.

பயம் தேய்வது எண்ணிக்கையால். முதலில் ஆளில்லாமல், பிறகு ஓர் ஆளோடு, பிறகு ஐந்து பேரோடு, அதே திருப்பத்தை நூற்றுக்கணக்கான முறை செய்து, ஒவ்வொரு முறையும் கால் தாங்கியதைப் பார்த்த பிறகே அது விடுகிறது.

முழங்கால் உறை போட்டால் பாதுகாப்புதானே?

சூடாக வைத்திருக்கும், மனத்துக்குத் தெம்பு தரும். கிழிவைத் தடுக்கும் என்று நம்பி நிமிடங்களைக் கூட்டக் கூடாது.

இந்த ஆண்டும் போய்விட்டால் கல்லூரியில் ஆடும் உரிமையும் போய்விடுமா?

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில் பல பத்தாண்டுகளாக இருந்துவந்த விதிப்படி, ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு சீசன் ஆடலாம். சீசனின் முதல் பாதியிலேயே காயம்பட்டு, அணியின் ஆட்டங்களில் 30 சதவீதத்துக்கு மேல் ஆடாமல், அந்த சீசனில் மறுபடி ஆட முடியாமல் போனால், மருத்துவக் காரணத்தைக் காட்டி அந்த ஆண்டைத் திரும்பக் கேட்கலாம். இரண்டு சீசன் அப்படிப் போனவர்கள் ஆறாம் ஆண்டும் கேட்கலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. டிசம்பரில் காயம்பட்டவர் பிப்ரவரியில் திரும்பி ஆடினால், அந்த ஆண்டு கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே "ஐந்து ஆட்டம்தானே, ஆடிவிடட்டும்" என்பது சிறிய முடிவு இல்லை. அண்மை ஆண்டுகளில் வழக்குகளாலும் பேச்சுவார்த்தைகளாலும் இந்த விதிகள் மாறிக்கொண்டே வருகின்றன. முடிவெடுக்கும் முன் பல்கலைக்கழகத்தின் விதிமுறைப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

சீசன் முழுக்க வேண்டாம், மார்ச் போட்டிக்கு மட்டும் கொண்டுவந்தால் போதாதா?

நாட்டின் கல்லூரிச் சாம்பியனைத் தீர்மானிக்கும் அந்தப் போட்டியில் ஒரு வார இறுதியில் மூன்று நாளுக்குள் இரண்டு ஆட்டம் வரும், தோற்றால் வெளியே. ஆட்டத்தின் வேகமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். நவம்பரில் பதினைந்து நிமிடம் போதும் என்றோமே, மார்ச்சில் நேரடியாக வருபவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

கனெக்டிகட் அணியின் பேஜ் பெக்கர்ஸ் 2021 டிசம்பரில் இடது முழங்காலில் எலும்பு முறிவும் மெனிஸ்கஸ் கிழிவும் கண்டு, 2022 பிப்ரவரி இறுதியில் திரும்பினார். ஒரு மாதத்தில், இரண்டு முறை கூடுதல் நேரம் போன ஆட்டத்தில் 27 புள்ளி எடுத்து அணியை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார். பார்த்தவர்கள் அவர் முழுமையாகத் திரும்பிவிட்டார் என்றார்கள். அந்த ஆகஸ்ட்டில் அதே காலில் ஏ.சி.எல். கிழிந்து அடுத்த சீசன் முழுவதும் போயிற்று. ஒன்றால் மற்றது வந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஓர் இரவின் அற்புதத்தை வைத்து அடுத்த ஆண்டைக் கணிக்காதீர்கள் என்பதற்காகவே சொல்கிறேன். 2023 நவம்பரில் அவர் திரும்பினார், 2025இல் ஃபட்டுடன் சேர்ந்து சாம்பியன் ஆனார்.

பயிற்சியாளர் "நாளுக்கு நாள் பார்க்கிறோம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். எதையோ மறைக்கிறாரா?

மாணவரின் உடல்நிலை அவருடைய சொந்த விஷயம், அனுமதி இல்லாமல் விவரம் சொல்ல முடியாது. தவிர, மறுநாள் காலை வீக்கத்தைப் பற்றி மேலே சொன்னதை நினைத்தால், அந்தப் பதில் சொல்லுக்குச் சொல் உண்மை.

ஆடுவது என் தங்கை மகன். அவனிடம் நான் என்ன பேசுவது?

"எப்போது ஆடப் போகிறாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு நாளில் அதையே அவனிடம் இருபது பேர் கேட்டிருப்பார்கள். படிப்பைக் கேளுங்கள், சாப்பிட்டானா தூங்கினானா என்று கேளுங்கள். அவனே முழங்காலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் குறுக்கிடாமல் கேளுங்கள். வலி இருப்பதாகச் சொன்னால், அதை மருத்துவக் குழுவிடம் அன்றே சொல்லச் சொல்லுங்கள். ஆட விடாமல் செய்துவிடுவார்களோ என்று பயந்து வலியை மறைப்பவர்கள் அதிகம்.

எப்போது போதும் என்று நிறுத்துவது? அதை யார் சொல்வது?

மருத்துவர் "இனி கூடாது" என்றால் அங்கே பேச்சு முடிகிறது. அவர் "ஆடலாம், ஆனால்" என்று இழுக்கும் இடம்தான் கடினம். அப்போது மூன்றைக் கேட்கச் சொல்வேன். குருத்தெலும்பு எந்த நிலையில் இருக்கிறது? நாற்பது வயதில் இந்த முழங்காலோடு மாடிப்படி ஏற முடியுமா? இன்னொரு முறை கிழிந்தால் செய்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? பதிலைக் கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டியவர் ஆட்டக்காரர்தான். பெற்றோரோ பயிற்சியாளரோ ரசிகர்களோ அதைச் செய்ய முடியாது. மருத்துவக் காரணத்தால் ஆட்டத்தை நிறுத்தினாலும் உதவித்தொகையோடு படிப்பைத் தொடரப் பல பல்கலைக்கழகங்களில் வழி இருக்கிறது. கையெழுத்திடும் முன் அதையும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கிரெக் ஓடன் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு மட்டும் ஆடி, 2007 டிராஃப்ட்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். இரண்டு முழங்கால்களிலும் நடந்த அறுவை சிகிச்சைகளுக்கு இடையே தொழில்முறையில் மொத்தம் 105 ஆட்டம்தான் ஆட முடிந்தது. பிறகு அதே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, அணிக்கு உதவியபடியே படித்து, 2019இல் பட்டம் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 31.